ஏழு ஆண்டுக் கணக்கு: இலவசக் கடன் அறிக்கையைப் பயன்படுத்திய அனுபவம்

கட்டாமல் விட்ட கடன் ஏழு ஆண்டுகள் கழிந்தால், நாம் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையிலிருந்து தானாக மறைந்துவிடும் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். 2014-இல் வேலை போனபோது ஒரு கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டாமல் விட்டிருந்தேன்; பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டுக்கடன் கேட்கப் போன இடத்தில் அந்தப் பாக்கியின் பேச்சு மீண்டும் எழுந்தது. அப்போதுதான் இலவசக் கடன் அறிக்கைச் சேவையை முதன்முறையாகப் பயன்படுத்தினேன்.

இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கின்றன. இவை ஒவ்வொன்றும், கேட்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மதிப்பெண்ணுடன் கூடிய முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே ஓர் ஆண்டில் நான்கு அறிக்கைகளைக் காசில்லாமல் பெறலாம். நால்வரிடமும் கேட்பது வீண் வேலை என்று தோன்றக்கூடும், எனக்கும் தோன்றியது. ஆனால் என் பழைய கார்டு மூன்று அறிக்கைகளில் இருந்தது, ஒன்றில் இல்லவே இல்லை. அந்த ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பேன்.

பெறும் முறை எளிதுதான்: பான் எண், பிறந்த தேதி, கைப்பேசிக்கு வரும் ஓடிபி, பழைய கடன்களைப் பற்றிய ஓரிரு கேள்விகள். ஒரு தளத்தில் மட்டும், மாதச் சந்தா கேட்கும் பெரிய பொத்தான்களுக்குக் கீழே, இலவச அறிக்கைக்கான இணைப்பு கண்ணில் படாத அளவில் சிறியதாக இருந்தது. சட்டப்படி தர வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிக்க வைப்பது நியாயமாகப் படவில்லை.

இனி அந்த ஏழு ஆண்டுக் கதை. கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிமுறைகள், தகவலைக் குறைந்தபட்சம் ஏழு ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. குறைந்தபட்சம் என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நாம் எல்லோரும் விழுங்கிவிட்டோம். அமெரிக்காவில் பெரும்பாலான பாதகமான பதிவுகளை ஏழு ஆண்டுகளுக்கு மேல் காட்டக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. பிரிட்டனில் அந்த வரம்பு ஆறு ஆண்டுகள். அந்நாட்டுத் தளங்களில் படித்ததை நம் ஊர் விதியாக எண்ணிக்கொண்டதே இந்தக் குழப்பத்தின் வேர் என்பது என் ஊகம். நம்மிடம் இருப்பது கீழ்வரம்பு மட்டுமே. பாக்கி தீராத கணக்கை வங்கி தொடர்ந்து தெரிவித்துக்கொண்டிருக்கும் வரை அது அறிக்கையில் தொடர்ந்து இருக்கலாம். இதனோடு மூன்று ஆண்டு என்ற இன்னொரு கணக்கையும் சிலர் சேர்த்துக் குழப்புவார்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அந்த மூன்று ஆண்டு, வழக்குத் தொடுப்பதற்கான கெடு. அறிக்கையில் உள்ள பதிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அறிக்கையைப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கணக்கின் கீழும் 36 மாதங்கள் வரையிலான தவணை வரலாறு, தவணை எத்தனை நாள் தள்ளிப்போனது என்ற எண்ணோடு வரிசையாக இருக்கும். 000 என்றால் தாமதம் இல்லை என்று பொருள். என் கவனம் போனது அதற்கு மேலே இருந்த கணக்கின் நிலை மீது. ‘ரிட்டன் ஆஃப்’ என்றிருந்தது. வங்கி தன் ஏட்டில் கடனை வாராக்கணக்கில் தள்ளிவிட்டது என்பதே அதன் பொருள். கடன் தள்ளுபடியாகிவிட்டது என்று நினைத்து மகிழ்ந்துவிடக் கூடாது. பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் ‘செட்டில்டு’ என்ற நிலை வரும், அதையும் கடன் கொடுப்பவர்கள் நல்ல கண்ணோடு பார்ப்பதில்லை. வசூலுக்குப் பேசியவர் பாதிப் பணத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார்; நான் முழுவதையும் கட்டி, நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். கடிதம் கொடுத்த வங்கி அறிக்கையைத் திருத்தவில்லை. கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே ஆட்சேபம் பதிந்தேன். ஆனால் வங்கி ஒப்புக்கொள்ளாமல் அந்நிறுவனம் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்பதால், காத்திருப்பது மட்டுமே என் வேலையாக இருந்தது. புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. என் புகார் 41-ஆம் நாளில் தீர்ந்தது. விதியைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகு 1,100 ரூபாய் கணக்கில் ஏறியது. தொகை பெரிதல்ல என்றாலும், அது வந்த அன்று சம்பளம் வந்ததைவிட மகிழ்ச்சியாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். தீர்வு கிடைக்காதவர்கள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் அந்தத் திட்டத்திற்குள் வந்துவிட்டன.

இலவசச் சேவை என்ற அளவில் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு புள்ளியைக் குறைப்பது அந்த ஒளிந்திருந்த இணைப்புக்காகவும், ஒரு பாதகமான பதிவு எந்தத் தேதியில் நீங்கும் என்பதை நான் பெற்ற நான்கு அறிக்கைகளில் ஒன்றுகூடச் சொல்லாததற்காகவும். என் கணக்கில் இப்போது ‘போஸ்ட் ரைட் ஆஃப் குளோஸ்டு’, அதாவது வாராக்கணக்கில் தள்ளிய பிறகு கட்டி முடிக்கப்பட்டது, என்று இருக்கிறது. பாக்கி சுழியம், பழைய கறை மட்டும் அப்படியே. அடுத்த ஜனவரியில் நான்கு அறிக்கைகளையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.