சமயம் சார்ந்த அரசும் சர்வசன வாக்கெடுப்பும்: ஈரான், அயர்லாந்து, இலங்கை

அரசுக்கு ஒரு சமயத்தை அடிப்படையாக்குவதென்றால் மக்களிடம் கேட்டுச் செய்வதே நியாயம் என்பார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் திருகோணமலையிலிருந்து பார்க்கும்போது, எப்போது கேட்டார்கள், பின்னர் மாற்றுவதற்கு வழி விட்டார்களா என்பவையே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

ஈரானில் 1979 மார்ச் 30, 31ஆம் திகதிகளில் நடந்த வாக்கெடுப்பில், இஸ்லாமியக் குடியரசு வேண்டுமா என்ற ஒரே கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே பதிலளிக்க முடிந்தது. ஆம் என்பதற்குப் பச்சை, இல்லை என்பதற்குச் சிவப்பு. கையிலெடுத்த சீட்டின் நிறமே வாக்காளரைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரதமர் பாசர்கான் விரும்பிய ‘ஜனநாயக இஸ்லாமியக் குடியரசு’ என்ற பெயரைப் புரட்சித் தலைவர் கொமெய்னி ஏற்கவில்லை. 98 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டபோது, அவர்கள் ஆதரித்த குடியரசுக்கு அரசியலமைப்பே நிறைவேற்றப்பட்டிருக்கவில்லை. மார்க்கச் சட்ட அறிஞரின் மேலாட்சி பின்னர் கூடிய நிபுணர் சபையால் அரசியலமைப்பு வரைவில் சேர்க்கப்பட்டு, டிசம்பரில் இரண்டாம் வாக்கெடுப்புக்கு வந்தது. 1989 திருத்தத்தின்படி அரசின் இஸ்லாமியத் தன்மை மாற்றத்துக்கு அப்பாற்பட்டது.

அயர்லாந்து மக்கள் 1937இல் முழு அரசியலமைப்பையும் வாசித்தறிய முடிந்த நிலையில் வாக்களித்தனர். கத்தோலிக்கத் திருச்சபைக்கு அதில் இருந்த ‘விசேட நிலை’ 1972இல் இன்னொரு வாக்கெடுப்பில், ஏறத்தாழ 84 சதவீத ஆதரவோடு நீக்கப்பட்டது. இம்மூன்றில் நான் தேர்வது இதையே.

இலங்கையிலோ மக்களிடம் கேட்கவேயில்லை. பௌத்தத்துக்கான முதன்மை இடம் 1972 அரசியலமைப்பிலும், 1978இன் 9ஆம் உறுப்புரையிலும் சர்வசன வாக்கெடுப்பின்றியே இடம்பெற்றது. (இங்கு இதுவரை நடந்த ஒரே வாக்கெடுப்பு, 1982இல் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்க, ஆம் என்பதற்கு விளக்கும் இல்லை என்பதற்குக் குடமும் சின்னங்களாக நடத்தியதுதான்.) ஆனால் பௌத்தத்துக்கான அந்த இடத்தை மாற்றுவதற்கு மட்டும், 83ஆம் உறுப்புரையின்படி மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் வாக்கெடுப்பும் வேண்டும், நுழையும்போது இல்லாத பூட்டு வெளியேறும் வாசலில் தொங்குகிறது.

2005இல் திருகோணமலை நகர மத்தியில் வைக்கப்பட்ட புத்தர் சிலையால் கடையடைப்பும் பதற்றமும் எழுந்ததைக் கண்டவர்கள், அந்தப் பூட்டைத் தளர்த்த வேண்டும் என்பது இயல்பே. நான் அவசரப்பட மாட்டேன். மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் கூறும் 10ஆம் உறுப்புரையையும் காப்பது அதே பூட்டுத்தான். உண்மையில் கேட்க வேண்டியது அந்தப் பூட்டை விரிவாக்குவதையே: கோயிலிலோ பள்ளிவாசலிலோ கூடி வழிபடும் உரிமையைத் தரும் 14ஆம் உறுப்புரை, 83ஆம் உறுப்புரை இப்படிப் பூட்டிக் காக்கும் உறுப்புரைகளின் பட்டியலில் இல்லை.