ஆயர் முதல் கோயில்பிள்ளை வரை: வேலூர் ஆலயம் ஒன்றின் பணியாளர்கள்

என் தங்கையின் திருமண ஓலைக்காகவும் (ஆலயத்தில் வாசிக்கப்படும் திருமண அறிவிப்பு) தந்தையாரின் ஞானஸ்நானப் பதிவு நகலுக்காகவும் வேலூரிலுள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயம் ஒன்றின் அலுவலகத்திற்கு நான்கு முறை சென்று வந்த அனுபவத்தில் இதனை எழுதுகிறேன். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் இணைந்து உருவான இத்திருச்சபையில், 1853இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய ஆற்காடு மிஷனின் மரபும் கலந்திருப்பதால், இப்பகுதி ஆயர்களிடம் (சபைப் போதகர்களிடம்) வழிபாட்டு ஒழுங்கோடு எளிமையும் சேர்ந்தே காணப்படும் என்பது என் கருத்து.

ஆயர் பொறுமையானவர், ஓலை மூன்று ஞாயிறுகளில் வாசிக்கப்படுவது ஏன் என்பதை, யாருக்கேனும் ஆட்சேபம் இருந்தால் தெரிவிப்பதற்காகவே என்று மணமக்களை அமரவைத்து விளக்கினார். அலுவலக எழுத்தரோ பழைய பதிவேட்டைத் தேடாமலேயே இருமுறை எங்களைத் திருப்பி அனுப்பினார். இறுதியில், பீரோவின் அடித்தட்டிலிருந்து அதனை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தவர், மணி அடிப்பதும் விளக்கேற்றுவதும் பெருக்குவதும் தம் வேலை எனக் கூறிக்கொள்ளும் கோயில்பிள்ளைதான். ஊதியத்தில் கடைசியாக இருப்பவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

பாடகர் குழுவினர் ஊதியமின்றிப் பாடுகின்றனர். கீர்த்தனைகளில் சிறப்பு, ஆங்கிலப் பாடல்களில் சற்றுத் தடுமாற்றம். அலுவலகத்திற்குச் செல்வோர், பெயரையும் ஞானஸ்நானம் பெற்ற ஆண்டையும் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் கூட்டம் மிகுதி.