அம்பாசிடர் டோர் பேடு: கிளிப்பா, ஸ்க்ரூவா, ரிவ்நட்டா?

பழைய அம்பாசிடரில் கண்ணாடி இறங்க மறுத்தாலும் லாக் பிடிக்காவிட்டாலும், முதலில் கழற்ற வேண்டியது கதவின் உட்புறத்தை மூடும், ரெக்ஸின் ஒட்டிய டோர் பேடைத்தான். 2014-இல் மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்ற வண்டி இது. பேடு பிய்ந்தால் மாற்றுக்கு அலைய வேண்டும். அதனால் பேடை மாட்டும் எந்த முறையைப் பற்றியும் நான் கேட்பது ஒன்றுதான்: பத்தாவது தடவை கழற்றும்போது என்ன ஆகும்?

ஸ்பிரிங் கிளிப்பின் அழகே தனி. வெளியே ஒரு ஸ்க்ரூ தலைகூடத் தெரியாது. ஆனால் கிளிப் உட்காரும் ஹார்ட்போர்டு அட்டைதான் பலவீனம். கண்ணாடியை ஒட்டி மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது சகஜம். உள்ளே மறைப்புக்கு இருக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருந்தால் ஈரம் அட்டையில் ஊறி, அது நனைந்த அப்பளம்போல் ஆகிவிடும். என் வண்டியில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன். கிளிப் தகரத்திலேயே நின்றுகொண்டது, அட்டை மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பிய்ந்து கையோடு வந்தது. கவட்டை வாயுள்ள பிளாஸ்டிக் நெம்பியை கிளிப்பின் கழுத்துக்கே கொண்டுபோய்த் தூக்கினால் இந்தச் சேதம் வராது. பிய்ந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகட்டை எபாக்சியால் ஒட்டி, அதில் துளை போட்டுக்கொண்டேன். இன்றுவரை அசையவில்லை.

டிங்கர் கடையில் சட்டென்று செய்து கொடுப்பது, தகரத்தில் தானே மரை வெட்டிக்கொள்ளும் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ. மலிவு, வேகம் இரண்டும் உண்டு. ஆனால் கதவின் உள்தகரம் மெல்லியது. நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் துளை பெருத்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். அடுத்து இன்னும் தடித்த ஸ்க்ரூ தேடுவோம். பெயின்ட் உரிந்த துளையின் ஓரத்தில் துருவும் பிடிக்கும். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டிக்குள் பசை இளகி, பேடு மெல்லக் கீழே சரியும்.

என் ஓட்டு ரிவ்நட்டுக்கு, அதாவது தகரத் துளைக்குள் நுழைத்து இறுக்கும், உள்ளே மரையுள்ள குழல் நட்டுக்கு. எம்4 (4 மி.மீ. ஸ்க்ரூ) அளவுக்கு 6 மி.மீ. துளை போட்டு, கைக்கருவியால் இழுத்து இறுக்கினால் தகரத்திலேயே நிரந்தர மரை கிடைத்துவிடும். எத்தனை தடவை கழற்றினாலும் அட்டைக்கு வலி இல்லை. துளை பெரிதாகிவிட்டால் மட்டும் ரிவ்நட்டே ஸ்க்ரூவோடு சுற்றும், அப்புறம் எடுப்பது பெரும்பாடு. அதனால் டிரில் பிட்டில் கஞ்சத்தனம் கூடாது. துளையின் ஓரத்தில் துருத்தடுப்பு பெயின்ட்டும் அவசியம். ஸ்க்ரூ தலை தெரிகிறதே என்று சங்கடப்படுபவர்கள் பித்தளைக் கப் வாஷர் போடலாம், பழைய வண்டிக்கு அது பொருந்தியே இருக்கும்.

நான் முழுக்க மாற்றவில்லை. ஈரம் ஏறும் கீழ் வரிசைக்கு ரிவ்நட், கண்ணில் படும் மேல் வரிசைக்குத் தகடு ஒட்டிய கிளிப். இப்போது மழைக்காலத்துக்கு முன் பேடைக் கழற்றி, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திவிட ஒரு கதவுக்குப் பத்து நிமிடம் போதும்.

ஸ்க்ரூவின் நீளத்தில் மட்டும் கவனம் வேண்டும். பேடை மூடியதும் கண்ணாடியை மெதுவாக முழுக்க இறக்கிப் பாருங்கள். எங்காவது கரகரவென்றால் ஸ்க்ரூ முனை கண்ணாடியில் உரசுகிறது. உடனே நிறுத்தி, குட்டையான ஸ்க்ரூவாக மாற்றுங்கள்.