லாம்ப்ருஸ்கோ: ஜில்லென்று இருந்தால்தான் ருசி

நுரைக்கும் இனிப்புச் சிவப்பு ஒயின் என்றதும் பொவன்டோவில் சாராயம் ஊற்றியது மாதிரி இருக்கும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இத்தாலியில் மோதெனா, ரெஜ்ஜியோ எமிலியா பக்கம் விளையும் திராட்சையில் செய்வது லாம்ப்ருஸ்கோ. விலை குறைந்த ரகத்தில் பரவலான பெயர் ரியுனித்தே; 1950இல் தொடங்கிய கூட்டுறவு.

வாங்கும்போது லேபிளில் ஒரு சொல்லைத் தேடுங்கள். ‘செக்கோ’ என்றால் இனிப்பே தெரியாது. ‘அமாபிலே’ என்றால் லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் சர்க்கரை, அதாவது 150 மில்லி கிளாஸுக்கு ஒன்று, ஒன்றரை டீஸ்பூன். கோலாவில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். ‘டோல்சே’ இன்னும் தித்திப்பு. முதல்முறை என்றால் அமாபிலே போதும்.

இனிப்பு ரகங்களை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டு, சர்க்கரை தீருமுன் குளிரவைத்து நிறுத்திவிடுகிறார்கள். இனிப்பும் குமிழியும் அப்படித்தான் தங்குகின்றன. ஆல்கஹாலும் சுமார் 8 சதவீதத்தோடு நிற்கிறது.

ஊற்றியதும் ஊதா நுரை பொங்கி, சில நொடியில் அடங்கும். வாசனையில் நாவல்பழமும் ஸ்ட்ராபெரியும். ராயபுரம், பெரம்பூர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் போடும் திராட்சை ஒயினில் வரும் பட்டை, கிராம்பு வாசம் இதில் இல்லை. நாக்கில் முதலில் தித்திப்பு, உடனே நல்ல புளிப்பு, கடைசியில் லேசான துவர்ப்பு. இந்தப் புளிப்புதான் இதன் உயிர். அது இல்லாத பாட்டில் வெறும் பாகு.

8 முதல் 10 டிகிரியில் குடிக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம். அவசரமென்றால் வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. அரை மணிக்குள் தயார். ஐஸை கிளாஸில் போடாதீர்கள், புளிப்பு நீர்த்துப்போகும். நம்ம ஊர் வெயிலில் சூடான பாட்டிலைத் திறந்தால் பாதி நுரையாகத் தரைக்குப் போகும், மீதி ஜாம் மாதிரி இனிக்கும். சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். கிளாஸில் சோப்பு ஒட்டியிருந்தால் குமிழி நிற்காது.

இது வைத்து முதிர வைக்கும் ஒயின் அல்ல. கார்க்கைச் சுற்றி ஒயின் கசிந்து பிசுபிசுத்திருந்தால் வெயிலில் கிடந்த சரக்கு, விட்டுவிடுங்கள்.

தொட்டுக்கொள்ள என்ன? சென்னை பர்மா பஜார் பக்கத்து அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) முட்டை மசாலாவும் அருமை: வறுத்த வெங்காயத்தின் எண்ணெயைப் புளிப்பு அறுக்கும், மிளகாயை இனிப்பு அடக்கும். காசிமேட்டு வஞ்சிரம் வறுவலுக்கும் ஏற்றது. ஆனால் கண்ணில் நீர் வரவைக்கும் இறால் தொக்கோடு வேண்டாம். குமிழி அந்த எரிச்சலைக் கூட்டும். பிரியாணியோடு வரும் பிரெட் அல்வாவையும் தள்ளிவையுங்கள். ஒயினைவிட இனிப்பான பண்டம் பக்கத்தில் இருந்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.

மிச்சத்தை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். நுரை போனதைப் பன்றிக்கறி விந்தாலுவில் ஒரு கரண்டி விடலாம். தனியாகச் சர்க்கரை போட வேண்டியதில்லை.