பாகக் கணக்கு பிரமாதம், பெண்ணியப் பாடம் சொதப்பல்: ஓர் இணைய வகுப்பு பற்றி

இஸ்லாம் தரும் பெண்ணுரிமையையும் பெண்ணியத்தையும் ஒப்பிட்டுச் சொல்லித்தரும் இணைய வகுப்பு ஒன்றை முடித்திருக்கிறேன். சேரலாமா வேண்டாமா என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்த மதிப்புரை. நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை. இதே தலைப்பில் ஏகப்பட்ட வகுப்புகள் ஓடுகின்றன. நான் சொல்லப்போகும் குறை இவர்களுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரிசுரிமைப் பாடம் அவ்வளவு அருமை. எடுத்தவர் ஓர் ஆலிமா, அதாவது மார்க்கக் கல்வி கற்ற பெண் அறிஞர். பீடிகையே இல்லாமல் நேராகக் கணக்கில் இறங்கினார். ஒருவர் இறந்துபோகிறார், மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மிச்சம் மகனுக்கும் மகளுக்கும் 2:1. சொத்தை 72 பங்காக்கினால் மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான். கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. அப்புறம் ஆளை மாற்றினார். இறந்தவர் மனைவி, இருப்பவர்கள் கணவர், ஒரே மகள், இறந்தவரின் கூடப் பிறந்த அண்ணன். கணவருக்குக் கால், மகளுக்குப் பாதி, அண்ணனுக்குக் கால். மகளுக்கு அப்பாவைவிட இரண்டு மடங்கு! இதைக் காட்டிவிட்டு, "ஆனால் மகனும் மகளும் சேர்ந்து இருக்கும் வீடுதான் அதிகம், அங்கே 2:1 தான்" என்று அவரே சொன்னார். பிடித்துப்போனது. வழக்கமாக இந்த இடத்தில் விதிவிலக்கைக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

குடும்பச் செலவு முழுக்க ஆணின் கடமை, பெண்ணின் மஹரும் (கணவர் தரும் மணக்கொடை) சம்பாத்தியமும் அவளுக்கே சொந்தம், அதனால்தான் இந்த விகிதம் என்பது வழக்கமான விளக்கம். "குடும்பத்தையே அவள்தான் நடத்துகிறாள் என்றால்?" என்று ஒரு மாணவி கேட்டார். ஆலிமா மழுப்பவில்லை. உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு அன்பளிப்பாக எழுதிவைத்துச் சமன் செய்ய வழி இருப்பதையும், விகிதத்தையே மாற்றலாமா என்பதில் அறிஞர்கள் முட்டிக்கொள்வதையும் சொன்னார்.

அடுத்த பாடத்துக்கு வேறொரு உஸ்தாத் (ஆசிரியர்) வந்தார். இங்கேதான் வண்டி தடம் மாறியது. திரையில் இரண்டு பத்தி. இடப்பக்கம் 7-ஆம் நூற்றாண்டிலேயே குர்ஆன் பெண்ணுக்குத் தந்த சொத்துரிமை. வலப்பக்கம் 1882-இல்தான் இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தன் பேரில் சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை, 1965-இல்தான் பிரான்சில் கணவர் அனுமதி இல்லாமல் வங்கிக் கணக்கு. இரண்டுமே உண்மை, மறுக்க முடியாது. ஆனால் இடப்பக்கம் இருப்பது வேதத்தின் சொல், வலப்பக்கம் இருப்பது ஒரு சமூகம் நடந்துகொண்ட லட்சணம். வேதத்தை 1792-இல் ஆங்கிலேய எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் பெண்ணுரிமைக்காக எழுதிய நூலோடு ஒப்பிடட்டும். ஐரோப்பியச் சட்டத்தை முஸ்லிம் சமூகங்களில் மகளுக்குக் கையில் வந்துசேர்ந்த பங்கோடு ஒப்பிடட்டும். ஏட்டை நடப்போடு மோதவிட்டால் ஏடுதான் ஜெயிக்கும், அது யாருடைய ஏடாக இருந்தாலும்.

குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு பற்றிய பாடத்திலும் இதே கோளாறு. நபித்தோழர் ஸாபித் பின் கைஸின் மனைவி நபியிடம் (ஸல்) வந்து, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறையில்லை, ஆனாலும் அவரோடு வாழ முடியவில்லை என்கிறார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதமா என்று நபி கேட்கிறார், சம்மதம் என்கிறார், பிரிவு முடிகிறது. உஸ்தாத் இதை உருக்கமாகச் சொன்னார். அதோடு நிறுத்தியும்விட்டார். பிற்காலச் சட்ட வல்லுநர்களில் பெரும்பாலோர் இதற்குக் கணவர் சம்மதம் வேண்டும் என்றார்கள். சம்மதிக்காத கணவரிடம் மாட்டிக்கொண்ட பெண் என்ன செய்வாள்? எகிப்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் கணவர் ஒப்பாவிட்டாலும் நீதிமன்றம் குலா கொடுக்க முடிந்தது. அந்தத் தோட்டத்துக் கதைக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு மேல் கிடக்கிறது. பாடம் நடத்தவேண்டியதே அதைப் பற்றித்தான்.

பெண்ணியம் பற்றிய பாடம் ஒப்புக்கு நடந்தது. பெண்ணியம் என்றால் குடும்பத்தை உடைப்பது என்று முதல் ஸ்லைடிலேயே தீர்ப்பு. வெள்ளை நடுத்தரவர்க்கப் பெண்களின் பெண்ணியத்தைக் கறுப்பினப் பெண்கள் உள்ளேயிருந்தே கிழித்த கதை கிடையாது. எகிப்தியப் பெண்ணியச் சங்கத்தை 1923-இல் தொடங்கிய ஹுதா ஷஅராவியும் கிடையாது. அதே சங்கத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வெளியேறி, முஸ்லிம் பெண்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கிய ஸைனப் அல் கஸாலியைக் கூடச் சொல்லவில்லை. இந்த இருவரை மட்டும் எதிரெதிரே வைத்துப் பேசியிருந்தாலே தலைப்புக்கு நியாயம் செய்த மாதிரி இருந்திருக்கும். குர்ஆனுக்குள் நின்றே சமத்துவம் பேசும் ஆமினா வதூத் பெயரைக் கேள்வி நேரத்தில் நான்தான் எழுப்பினேன். "சகோதரி, அது வேறு தலைப்பு" என்று பதில் வந்தது. எனக்கென்னவோ தலைப்பே அதுதான் என்று பட்டது.

கணவர் மனைவிமேல் கொண்ட அதிகாரம் பற்றிய, குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்து 34-ஆம் வசனம், பலதாரமணம், பெண்ணின் சாட்சியம் மூன்றும் கடைசிப் பாடத்தில் திணிக்கப்பட்டு அவசர அவசரமாக ஓடின. சந்தேகத்தோடு வருகிறவர்கள் கேட்க வருவதே இந்த மூன்றையும்தான். வாரிசுரிமையில் ஆலிமா காட்டிய நிதானம் இதில் துளியும் இல்லை.

ஒலி தெளிவு, பதிவுகளைத் திரும்பப் பார்க்கலாம், கேள்விகளை எழுத்திலும் அனுப்பலாம். கையேட்டில் மனைவிக்குரிய பங்கைச் சொல்லுமிடத்தில் குர்ஆன் வசனம் 4:12-க்குப் பதில் 4:11 என்று அச்சாகியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றும் ஆலிமாவுக்கு. வாரிசுரிமைப் பாடத்துக்கு மட்டும் தனியாகச் சேர வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இருந்தால் யோசிக்காமல் சேரலாம்.