ஒன்றரை வருசத்தில் தொட்டியால் மீன் சாகவில்லை, பம்ப்தான் இரண்டு தடவை செத்தது

போன கிழமை பேராதனையில் இருக்கும் கூட்டாளி ஒருவன் போன் எடுத்து, "மச்சான், நீ வள்ளத்தில் வைத்திருக்கிறாயே அந்த இரைத் தொட்டி, விலை குறைத்துப் போட்டிருக்கிறார்கள், வாங்கலாமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் அதன் பம்பைக் கழற்றி, இரண்டாவது தடவையாக, கண்டியில் மோட்டர் பழுது பார்க்கிற வயின்டிங் பாஸிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். அவனிடம் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இப்போது கொஞ்சம் சூடு தணிந்திருக்கிறது, ஆறுதலாக எழுதப் பார்க்கிறேன். நடுவில் திரும்பவும் ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமான் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: தூண்டிலுக்கு இரையாகும் மீன் குஞ்சுகளை உயிரோடு வைத்திருக்க 45 லீற்றர் வட்டத் தொட்டி, 12 வோல்ட் காற்றுப் பம்ப், காற்றைக் குமிழியாக்கித் தண்ணீருக்குள் விடுகிற இரண்டு காற்றுக் கல், மூடியில் ஒரு குட்டி லைட். நான் வாங்கும்போது 38,500 ரூபா, இப்போது 27,000க்குப் போகிறதாம். அந்த வித்தியாசத்தை நினைத்தாலும் வயிறு எரிகிறது, ஆனால் அது வேறு கதை. கம்பனி பெயரும் கடைப் பெயரும் வேண்டாம், அவர்களுக்கு என்னால் ஏன் இலவச விளம்பரம்.

வீடு தெல்தோட்டைக்கு மேலே, தோட்டத்தில். மீன் பிடிக்க இறங்குவது விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு, ஹங்குரன்கெத்தைப் பக்கத்துக் கரையில். 1985இல் அணை கட்டி முடித்தபோது பழைய தெல்தெனியா நகரத்தையே விழுங்கிய தண்ணீர் அது. விரால்தான் என் பைத்தியம். 1867இல் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட லூல்கந்துர எங்களுக்கு அடுத்த மலை. சிங்களத்தில் லூலா என்றால் விரால், கந்துர என்றால் ஓடை, அப்படிப்பட்ட மலைக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு வேறு என்ன பைத்தியம் பிடிக்கும்? விராலுக்குச் செத்த இரை சரிவராது. துடிக்க வேண்டும். முள்ளில் குத்தின விரல் நீளத் திலாப்பியாக் குஞ்சு பட்ட மரக்கட்டைப் பக்கத்தில் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஓடினால்தான் உள்ளே இருப்பவன் வெளியே வருவான். காலை 5 மணிக்குத் துடிக்கிற குஞ்சு 10 மணிக்கும் துடிக்க வேண்டும் என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

முன்பு ரெஜிபோம் பெட்டிதான், சாமான் பொதி செய்து வருகிற அந்த வெள்ளை நுரைப் பெட்டி. சதுரப் பெட்டியில் குஞ்சுகள் நான்கு மூலைக்கும் போய் ஒன்றன்மேல் ஒன்று அடைந்துகொள்ளும், வள்ளம் ஆடும்போது சுவரில் மூக்கை இடித்து இடித்து மூக்கு நுனி சிவந்துபோகும், ஏழு மணிக்கே பாதி வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். இந்த வட்டத் தொட்டியில் மூலை கிடையாது. காற்றுக் கல் இரண்டையும் ஒரே பக்கம் வைத்தால் தண்ணீர் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும், குஞ்சுகள் அதற்கு எதிர்த் திசையில் முகத்தை வைத்து வரிசையாக நிற்கும். முதல் நாள் மூடியைத் திறந்து லைட்டைப் போட்டு அதைப் பார்த்தபோது மீன் பிடிக்கவே மனம் வரவில்லை, சத்தியமாக. தொட்டியை வடிவமைத்தவன் மீனைத் தெரிந்தவன். பம்பை மாட்டினவன் யார் என்றுதான் தெரியவில்லை, அவனிடம் பிறகு வருகிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஆரம்பத்தில் செத்த மீன்களுக்குத் தொட்டி காரணமில்லை, நான்தான். சனிக்கிழமை பின்னேரம் அணைக்கட்டுத் தண்ணீரிலேயே குஞ்சு பிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்புறத்துச் சீமெந்துத் தொட்டியில் ஊற்றுத் தண்ணீரில் விட்டேன். கீழே தண்ணீர் 27, 28 பாகை இருக்கும், எங்கள் ஊற்று 18. விடியப் பார்த்தால் அரைவாசி அடியில் கிடக்கிறது. திலாப்பியா வெப்ப நாட்டு மீன், மெதுவாகக் குளிரவிட்டிருந்தால் தாங்கியிருக்கும், ஒரே அடியாக 10 பாகை இறக்கினால் எது தாங்கும்? இன்னொரு தடவை கட்டுகஸ்தோட்டையில் அக்கா வீட்டில் இரவு தங்கி, தண்ணீர் அழுக்காக இருக்கிறதே என்று குழாயைத் திறந்து மாற்றினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின். வெயிலில் ஒரு நாள் திறந்து வைக்காமல் அதில் மீனை விடக்கூடாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஏரிக்குப் போகிற வழியில் திகனையைத் தாண்டமுன்னமே நாற்பது குஞ்சும் முடிந்தது. அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு படித்துக்கொண்டேன். பிடிப்பதும் வைத்திருப்பதும் அந்தக் கரையிலேயே, மிச்சமானால் விடுவதும் அங்கேயே. ஒரு குளத்து மீனை இன்னொரு குளத்தில் கொண்டுபோய் விடுவதில்லை. முதல் நாள் தீனி போடுவதில்லை, வயிறு காலியாக இருந்தால் கழிவு குறையும், கழிவு குறைந்தால் அமோனியா குறையும். தண்ணீருக்கு மேலே வெள்ளை நுரை கட்டி உடையாமல் நின்றால் அதுதான் எச்சரிக்கை, உடனே மூன்றில் ஒரு பங்கை ஊற்றிவிட்டு ஏரித் தண்ணீரை மோந்து விட வேண்டும். 45 லீற்றருக்கு ஒரு கைப்பிடி கல் உப்பு. தொடும்போது கையை நனைத்துக்கொள்ள வேண்டும், காய்ந்த கையால் பிடித்தால் மேலே இருக்கிற வழுவழுப்பு உரிந்துவிடும். எட்டு மணிக்குப் பிறகு வெயில் ஏறினால் உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மூடியபடியே உள்ளே மிதக்க விடுவேன். ஐஸை நேராகப் போடுவதில்லை, கடை ஐஸ் எந்தத் தண்ணீர் என்று யார் கண்டார்?

இப்படிச் செய்தால் முப்பது குஞ்சில் இரண்டு மூன்றுதான் வீணாகும். முன்பு பாதி போனது. ஆகத் தொட்டிக்கு என்னிடம் ஒரு குறையும் இல்லை.

சரி, பம்ப்.

தொட்டிக்கு வெளியே, கீழே, அடியில் இருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு ஒட்டியே வருகிறது. பம்ப் அதற்குள். காற்று டியூப் அங்கிருந்து மேலே ஏறி விளிம்பில் வளைந்து உள்ளே இறங்கிக் கல்லுக்குப் போகிறது. பம்ப் ஓடும்வரை காற்று போகும், பிரச்சினை இல்லை. நின்றால்? கல் வழியாகத் தண்ணீர் டியூப்புக்குள் ஏறி நிற்கும், வள்ளம் ஒரு ஆட்டம் ஆடியதும் வளைவைத் தாண்டும், ஒரு தடவை தாண்டினால் போதும், அதற்குப் பிறகு தானாகவே இழுத்துக்கொண்டு நேரே பம்புக்குள் இறங்கும். டீசல் பெரலில் இருந்து டியூப் வைத்து உறிஞ்சி எடுக்கிறார்களே, அதே வேலைதான். பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் டியூப்பின் நடுவே ஒருவழி வால்வு ஒன்று போட வேண்டும். வண்ண மீன் வளர்க்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். வால்வு கண்டியில் வண்ண மீன் கடையில் 150 ரூபா. முப்பத்தெட்டாயிரத்து ஐநூறு ரூபாச் சாமானில் அதைப் போடவில்லை!

இதற்கு மேலே ஒரு கெட்டித்தனமும் செய்து வைத்திருக்கிறார்கள். பெட்டரி மிச்சம் பிடிக்க ஒரு பட்டன்: அதை அழுத்தினால் 30 விநாடி ஓடும், 90 விநாடி ஓய்வெடுக்கும். அதாவது ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் ஒரு தடவை பம்பை நிறுத்தித் தண்ணீரை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிடுகிறது. கணக்கும் பார்த்தேன். பம்ப் இழுப்பது அரை ஆம்பியர். என்னுடைய பெட்டரி 7 ஆம்பியர் மணித்தியாலம், அதில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்படியும் ஏழு மணித்தியாலம் நிற்காமல் ஓடும். நான் ஏரியில் இருப்பது ஐந்தில் இருந்து பதினொன்றுவரை. யாருக்காக மிச்சம் பிடிக்கிறார்கள்? அதுவும் இந்தச் சூட்டில். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைகிற ஒட்சிசன் குறையும், 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம்வரை நிற்கும், 28 பாகையில் 8கூட நிற்காது. 90 விநாடி ஓய்வில் முப்பது குஞ்சும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தப் பட்டன் பக்கம் இப்போது கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

முதல் தடவை பழுதானபோது எனக்குக் காரணம் புரியவில்லை. ஆறு மாதம் ஓடிய பம்ப் ஒரு நாள் உறுமியது, அப்புறம் இருமியது, நின்றது. உத்தரவாதம் ஒரு வருசம் என்று அட்டையில் போட்டிருந்ததே என்று விற்றவர்களிடம் கேட்டால், உள்ளே தண்ணீர் போயிருந்தால் உத்தரவாதம் செல்லாதாம். தண்ணீர்த் தொட்டிக்கு என்றே விற்கிற பம்ப்! பதில் சொன்ன பெண் பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது, அதைத் திட்டி என்ன பயன், அதற்குச் சொல்லிக் கொடுத்ததை அது சொல்கிறது.

பாஸ் ஒரு பழைய பேப்பரை விரித்து அதன்மேல் நான்கு திருகாணியையும் கழற்றினார். மூடி வந்ததும் ஒரு தேக்கரண்டி தண்ணீர் பேப்பரில் ஊற்றியது. கூடவே ஒரு செதில். ஒரே ஒரு செதில், நகத்தின் பாதி அளவு, கண்ணாடி மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் வட்டம் வட்டமாகக் கோடு தெரிகிறது. காற்றுக் கல் ஒன்று டியூப்பில் இருந்து கழன்று கிடந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரப்பர்ச் சவ்வு பரவாயில்லை, மோட்டாரின் பிரஷ் இரண்டும் பச்சை பூத்துப்போய் இருந்தன. பாஸ் செதிலை விரல் நுனியில் ஒட்டி எடுத்து என்னிடம் நீட்டி, "தம்பி, மோட்டாருக்குள்ளேயும் மீன் வளர்க்கிறீங்களா?" என்றார். 1,800 ரூபா கொடுத்தேன். வால்வு போடச் சொன்னதும் அவர்தான்.

போட்டேன். ஒரு வருசம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஏன் இரண்டாவது தடவை என்று கேட்பீர்கள். வால்வுக்குள் இருக்கிற சின்ன ரப்பர் நாக்கு காலம் போகப் போக இறுகிவிட்டது, மூடாமல் பாதி திறந்தே நின்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புது வால்வு மாற்ற வேண்டியது, நான் மாற்றவில்லை. அதையும் அவர்கள் கணக்கில் போடத்தான் ஆசை, மனசாட்சி விடமாட்டேன் என்கிறது. ஆனாலும் பம்ப் மேலே இருந்திருந்தால் வால்வே தேவையில்லை, வால்வு தேவையில்லாவிட்டால் நான் மறந்திருக்கவும் முடியாது, ஆகச் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது.

நான் போகிற வள்ளத்துக்குச் சொந்தக்காரர் ஒரு சிங்கள அண்ணன், கரையிலேயே குடிசை போட்டுத் தொழில் செய்கிறவர். அவருடைய இரைத் தொட்டி என்னவென்றால் மூங்கில் வளையத்தில் நுளம்பு வலை தைத்த ஒரு கூண்டு, கரையோரத்தில் முளையில் கட்டித் தண்ணீருக்குள் தொங்குகிறது. பம்ப் இல்லை, பெட்டரி இல்லை, மூன்று நாள் கழித்துப் பார்த்தாலும் குஞ்சு வெள்ளிக் காசு மாதிரி மின்னும். என் தொட்டியை முதல் தடவை பார்த்ததும், "மல்லி (தம்பி), இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் தண்ணீரைப் பெட்டிக்குள் வைத்து எங்கே கொண்டுபோறாய்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. வள்ளம் ஓடும்போது கூண்டை இழுத்துக்கொண்டு போக முடியாது, குஞ்சுகள் வலையில் நசுங்கிவிடும் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அவரும் இப்போது மரக்கட்டைப் பக்கம் தூரம் போகும்போது பத்துக் குஞ்சை என் தொட்டியில்தான் போடுகிறார். கேட்டுவிட்டுப் போடுவதில்லை.

பம்பைப் பாஸிடம் இருந்து நேற்று எடுத்தேன், 2,200 ரூபா. கூட்டை உடைத்து எறிந்துவிட்டேன். தேயிலைச் செடி வாதில் ஒரு கவட்டைக் கம்பு வெட்டித் தொட்டியின் பக்கத்தில் கட்டி, விளிம்பில் இருந்து ஒரு சாண் உயரத்தில் பம்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். டியூப் எட்டவில்லை, கடைக்காரன் அளந்து வெட்டியிருக்கிறான் படுபாவி, சலைன் டியூப் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. பார்க்க ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருக்கிறது. இந்தக் கோலத்தோடு 40,000க்கு மேலே ஆகிவிட்டது.

அதனால் மச்சான், 27,000 என்ன, 17,000க்குக் கொடுத்தாலும் வாங்காதே. என்னுடையதை விலைக்குக் கேட்காதே, தரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிய மூன்று மணிக்குத் தயாராக நில், என் தொட்டியிலேயே உனக்கும் குஞ்சு போட்டு வைக்கிறேன். கறுப்பு டேப்பை மட்டும் பிய்த்துவிடாதே.