எட்டுக் கட்டில் வார்டில் ஐந்து நாள்

அரசுப் பேருந்தில் 31 வருஷம் நடத்துநராக இருந்தவன் நான். எங்கே போனாலும் தலையை எண்ணிவிடுவேன், கை தானாக நீளும். போன மாதம் ஹெர்னியா ஆபரேஷனுக்காகத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் ஐந்து நாள் இருந்தேன். அங்கேயும் எண்ணினேன். கட்டில் எட்டு, சுகர்காரர்கள் ஐந்து பேர். அந்த ஐந்தாவது ஆள் நானேதான் என்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது.

டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் தருவேன். கேன்டீனுக்கு ஒன்றே அதிகம்.

சேர்ந்த அன்று விரலில் குத்திப் பார்த்தால் 246. "ஆஸ்பத்திரி பயத்தில் ஏறியிருக்கும் சிஸ்டர்" என்றேன். பயம், வலி, காய்ச்சல் எல்லாவற்றிலும் சுகர் ஏறும் என்பது உண்மைதானாம். ஆனாலும் அதோடு விடாமல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எடுத்தார்கள். 7.9 வந்தது. 6.5 இருந்தாலே சுகர்தான். ஆக, இது பயத்தில் வந்ததில்லை, பழைய பாக்கி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் புதனுக்குத் தள்ளிப்போனது. அன்றைக்குச் சத்தம் போட்டேன். சுகர் ஏறிக் கிடந்தால் தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கும், ஆறாது என்று டாக்டர் கட்டிலோரம் நின்று பத்து நிமிஷம் சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். 140-க்கும் 180-க்கும் நடுவில் வைத்திருப்பதுதான் அவர்கள் கணக்கு.

"எட்டில் ஐந்தா டாக்டர்? இவ்வளவு பேருக்கா?" என்று கேட்டேன். சிரித்தார். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சுகர். ஊரில் எண்ணினால் ஏழு பேருக்கு ஒருவர். வார்டில் ஏன் கூடுகிறது? கால் புண், மாரடைப்பு, கிட்னி, மூத்திரத்தில் கிருமி என்று அவர்களே அதிகம் வருகிறார்கள். வந்தால் சீக்கிரம் போவதும் இல்லை. எனக்குப் பளிச்சென்று விளங்கியது. நடுவில் ஏறி இரண்டு ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர் வந்தாலும், எப்போது எண்ணினாலும் சீட்டில் இருப்பவர் ஸ்ரீரங்கத்தில் ஏறிக் கடைசி வரை வருகிறவர்தானே! மூன்றாம் கட்டில்காரர் கால்விரல் புண்ணோடு பதினெட்டாம் நாளாக இருந்தார். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் நாலு பேர் மாறிவிட்டார்கள்.

இனி கேன்டீன். சுகர்காரர் தட்டில் 'டயட்' என்று சீட்டு ஒட்டுகிறார்கள். உள்ளே என்ன? மற்றவர்களுக்கு வருகிற அதே சோற்று மலை, கூடவே இரண்டு சப்பாத்தி. பாயசக் கிண்ணம் மட்டும் கிடையாது. காலைக் காபி எல்லோருக்கும் ஒரே டிரம்மில் வருகிறது, சர்க்கரை போட்டே. இதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம்; நேரத்தைச் சகிக்க முடியாது. சிஸ்டர் ஏழரைக்கு இன்சுலின் போடுவார், எட்டுக்கு இட்லி வரவேண்டும். வியாழக்கிழமை எட்டே முக்கால் வரை வரவில்லை. மூன்றாம் கட்டில்காரருக்குச் சட்டையெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. சிஸ்டர் ஓடி வந்து குத்திப் பார்த்தால் 58; இன்சுலின் போட்டுச் சாப்பிடாததில் சுகர் அளவுக்கு மேல் இறங்கிவிட்டது. மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்தினார். 94. அதற்கப்புறம்தான் இட்லி வண்டி வந்தது. கேட்டால் "லிஃப்ட் ரிப்பேர்" என்கிறார் வண்டிக்காரர். பஸ் லேட்டானால் பயணி என்னைத் திட்டுவான், அவ்வளவுதான். இங்கே அந்த மனிதர் மயங்கி விழுந்திருப்பார்.

பில்லில் இன்னொரு விஷயம். விரலில் குத்திச் சுகர் பார்க்க, ஒரு குத்துக்கு 60 ரூபாய். எனக்கு 18 குத்து, 1,080 ரூபாய். ரத்தத்தைத் தொட்டு மெஷினில் வைக்கும் ஸ்ட்ரிப் மருந்துக்கடையில் ஒன்று 20 ரூபாய் பக்கம்தான். சிஸ்டர் கூலி, ஊசி, பஞ்சு எல்லாம் சேர்த்தாலும் எனக்குக் கணக்கு இடிக்கிறது.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு பெண் வந்து உள்ளங்காலில் நைலான் இழை மாதிரி ஒன்றால் தொட்டுத் தொட்டு, "உணர்ச்சி தெரிகிறதா ஐயா?" என்று கேட்டார். இடது கட்டைவிரலில் இரண்டு இடம் தெரியவில்லை. செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, ராத்திரி படுக்கும்முன் காலைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இதற்குக் காசு வாங்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கும் ஒரு அம்மா சுகர் பார்க்கும் மெஷினோடு வந்தார். "எனக்கு ஒன்றும் இல்லம்மா, அடுத்த வீட்டுக்குப் போ" என்று வாசலோடு அனுப்பியவன் நான்.

ஆபரேஷனுக்கு அங்கே தாராளமாகப் போங்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் நாலு பிஸ்கட்டும் தலையணை ஓரம் இருக்கட்டும். அந்த லிஃப்ட் நான் கிளம்பும்போதும் ரிப்பேரில்தான் இருந்தது.